தும்பி குடையின் நாற்பத்தொரு சரணங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் இரண்டாவது மாடிக்கு வருகிறவர்கள், கையில் குடை இருந்தால் கீழேயே வைத்துவிட்டு வருவது நல்லது. இல்லாவிட்டால் எட்டுப் பேர் சேர்ந்து அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். திருப்பிக் கேட்டால் கேட்டவரையே திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். போன மாதம் மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் நனைந்துகொண்டேதான் வீடு போய்ச் சேர்ந்தார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு அம்மாள். குள்ளமாக, உருண்டையாக, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்க, படியேறும்போதே யாரிடமாவது பேசிக்கொண்டு வருவார். எங்கள் இல்லத்தில் அவருக்குப் பெயர் குடைக்காரம்மா.

எங்கள் இல்லம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரிகள் கைவிரித்துவிட்டவர்களைக் கடைசிவரை வலியில்லாமல், பயமில்லாமல் வைத்துக்கொள்ளும் இடம் இது. முதல் மாடியில் புற்றுநோய்க்காரர்கள். இரண்டாவது மாடியில் மறதிநோய் முற்றியவர்கள். நான் இங்கே இசை சிகிச்சை செய்கிறேன். என்னிடம் ஒரு கிடார், ஒரு சின்ன கீபோர்டு, ஒரு பை நிறைய கிலுகிலுப்பை, சுவரில் மாட்டிய ஒரு சான்றிதழ் இருக்கின்றன. மாடியில் இருப்பவர்கள் என்னைப் பாட்டு டீச்சர் என்பார்கள். ஞாபகம் சரியில்லாத நாட்களில் நர்ஸு, பாப்பா. ஒருநாள் முழுக்கக் கண்டக்டர்.

குடைக்காரம்மா எங்களிடம் வந்து சேர்ந்ததற்கு என்னுடைய படுதோல்வி ஒன்றுதான் காரணம்.

அந்த வருஷ மழைக்காலத் தொடக்கத்தில் பாலம் கட்டும் இன்ஜினியர் ஒருவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். எழுபத்தொன்பது வயது. நான்கு மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய மனைவி பூகோளப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். தினமும் ஒன்பது மணிக்கு வந்து அவருக்குத் தலைவாரி விடுவார். நான் கேட்டதற்காக, அவருக்குப் பிடித்த பாட்டுகளைக் கோடு போட்ட தாளில் வருஷ வாரியாக எழுதிக் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு பாட்டு. எல்லாம் ஆழமான, கௌரவமான பாட்டுகள்.

வாலிபத்தில் கேட்ட பாட்டுதான் கடைசிவரை மனசில் நிற்கும் என்று எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனவே முப்பத்திரண்டையும் பாடினேன். மூன்று வாரம் பாடினேன். இன்ஜினியர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னொருவர் கட்டிய பாலத்தை ஒரு இன்ஜினியர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி: மரியாதையாக, எங்கே விரிசல் என்று தேடிக்கொண்டு. முப்பத்திரண்டாவது முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் பலத்த மழை. எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கும் அக்கா தெப்பலாக நனைந்து வந்தவர், கூடத்து மூலையில் தன் குடையை விரித்துக் காயவைத்தார். இன்ஜினியரின் வலது கால் லேசாகத் தாளம் போட்டது. நடுக்கமோ என்று எட்டிப் பார்த்தேன். கால் நின்றது, வாய் திறந்தது.

"மேல கறுக்குது மேகம் – உன்
கையில இருக்குது தும்பி!
கொட்டட்டும் கொட்டட்டும் வானம் – நீ
கொட்டாவி விட்டு நட தம்பி!
தும்பி... தும்பி... தும்பி குடை!"

கணீரென்ற குரல். சுருதி அச்சுப் பிசகவில்லை. பாடி முடித்து, துடைப்பமும் கையுமாக நின்ற அக்காவைப் பார்த்து, "ரெண்டு குடு" என்றார்.

பூகோள டீச்சர் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"நாப்பத்தாறு வருஷம்," என்றார் மெதுவாக. "என் பேர மறந்துட்டாரு. பெத்த பொண்ணு பேர மறந்துட்டாரு. தும்பி குடை ஞாபகம் இருக்காம்!"

அழப்போகிறார் என்று பயந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் அதில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "கேட்டியாம்மா? ஒண்ணு இல்ல, ரெண்டு வேணுமாம்!"

சிரிப்பு அடங்கியபிறகு விவரம் சொன்னார். கல்யாணமான புதிதில் மூன்று வருஷம் இவர் ஒரு ஊரில் பாடம் எடுக்க, அவர் எங்கோ ஆற்றோரத்தில் தகரக் கொட்டகையில் தங்கிப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். விடாத மழை. துணைக்கு ஒரு ரேடியோ. பாட்டுக்குப் பாட்டு நடுவில் தும்பி குடை விளம்பரம். "இந்த லிஸ்ட்ல இருக்கிறதெல்லாம் எனக்குப் பிடிச்ச பாட்டும்மா," என்று கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். "அவருக்கும் அதுதான் பிடிக்கும்னு நானாவே நெனச்சுக்கிட்டேன்."

அந்த விளம்பரத்தின் ஒலிப்பதிவைத் தேட ஆரம்பித்தேன். கம்பெனியே மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, கடைசியில் பழைய விளம்பர ஸ்டூடியோ ஒன்றில் ஒலிப்பதிவு பார்த்த பெரியவர் போனில் கிடைத்தார். அவருக்குக் காது மந்தம். நான் போனில் தும்பி பாட்டை இரண்டு தரம் கத்த வேண்டியிருந்தது. எங்கள் தலைமை நர்ஸ் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

"ஓ, அதுவா! பதிவெல்லாம் எப்பவோ போச்சும்மா. பாடின பொண்ணு வேணும்னா கீழ இருக்கும்."

"எங்க கீழ ஐயா?"

"ஸ்டூடியோவுக்குக் கீழதான். கண்ணாடிக் கடை. இன்னும் அங்கேயேதான் நிக்குதுன்னு கேள்வி."

அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். மாடியில் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். மேலிருந்து தொம் தொம்மென்று எடை விழும் சத்தம். கீழே கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் கண்ணாடிக்கு ஊசி முனை அளவு ஸ்க்ரூ ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தார் அறுபத்துநாலு வயது அம்மாள்.

அவருடைய கதையை அன்று பாதியும், பிறகு வந்த வாரங்களில் மீதியுமாகக் கேட்டேன். பத்தொன்பது வயதில் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் மாடி ஸ்டூடியோவின் விளம்பரக்காரர் நூலால் கட்டிய கண்ணாடியோடு இறங்கி வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் இவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. முதலாளி முறைக்கிறார், இவர் சிரிக்கிறார். விளம்பரக்காரர் கோபிக்கவில்லை. "இந்தச் சிரிப்பு எனக்கு வேணும், அஞ்சு நிமிஷம் அனுப்புங்க" என்று மேலே கூட்டிப்போய்விட்டார். பல்பொடி விளம்பரத்துக்கு வெறும் சிரிப்பு. அதுதான் ஆரம்பம். அடுத்தது தும்பி குடை. பிறகு கொக்கு நீலம், நண்டுப் பசை, டார்ச் பேட்டரி, இருமல் மருந்து. பதினோரு வருஷத்தில் இருநூறு விளம்பரம். எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில். படியேறுவார், தண்ணீர் குடிப்பார், சிவப்பு விளக்கு எரியும், பாடுவார், இறங்கி வந்து லென்ஸ் துடைப்பார்.

"எல்லாம் பதினஞ்சு செகண்டு. அதுக்கு மேல ஒண்ணுகூடப் பாடினதில்ல. என் ஆயுசுல நான் பாடினதெல்லாம் சேத்து வெச்சா ஒரு மணி நேரம் வராது," என்று கணக்குப் போட்டுக் காட்டிச் சிரித்தார். பல்பொடி வாங்கவைத்த சிரிப்பு எது என்று எனக்கு அப்போது புரிந்தது. பிறகு விளம்பரமெல்லாம் டிவிக்குப் போனது, முகம் தேவைப்பட்டது, இவரை யாரும் மேலே கூப்பிடவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. கடையில் வேலை நிறைய இருந்தது.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "அது பாட்டே இல்லம்மா. சாமான் விக்கிறதுக்குக் கத்துறது. போகப்போற நேரத்துல இருக்கிறவங்ககிட்ட வந்து குடை விக்கச் சொல்றியே, நல்லாவா இருக்கு?"

இன்ஜினியர் பாடியதைச் சொன்னேன்.

"முழுசாவா பாடினாரு?"

"முழுசா. கடைசியில வர்ற மூணு தும்பியும்."

ஸ்க்ரூ முடுக்கியைக் கீழே வைத்தார். "மூணாவது தும்பி மேல போகும். போனாரா?"

"போனாரு."

"அங்கதாம்மா எல்லாரும் வழுக்குவாங்க," என்றார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைப் பற்றிப் பேசும் குரல் அது. "சரி. கடைக்குச் செவ்வாக்கிழமை லீவு. வரேன்."

செவ்வாய்க்கிழமை தனியாக வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கணவரும் வந்தார். நெட்டையான, ஒல்லியான மனிதர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் கட்டிடக்காரர்கள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களாம். எங்கள் லிஃப்டில் ஏறுவதற்கு முன்னால் கதவில் காதை வைத்துக் கேட்டார். "இதுக்கு மூச்சு வாங்குது. இத மொதல்ல சேத்துக்குங்க உங்க இல்லத்துல," என்று சொல்லிவிட்டுப் படியில் நடந்தே வந்தார்.

கூடத்தில் எட்டுப் பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குடைக்காரம்மா சுவரெல்லாம் சிவப்பு விளக்கைத் தேடினார். அது எரியாமல் அவருக்குப் பாடவே வராதாம். கடைசியில் மெக்கானிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு விரலை உயர்த்தி, "மூணு... ரெண்டு... ஒண்ணு..." என்று இறக்கிக் காட்ட, குடைக்காரம்மா பாடினார்.

பதினைந்து நொடி. இருபது வயதுப் பெண்ணின் குரல் எங்கே ஒளிந்திருந்ததோ, அப்படியே வெளியே வந்தது. முடிந்தது. குடைக்காரம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

இன்ஜினியர் முதலடியை எடுத்தார். இரண்டாவது அடியில், பக்கத்து நாற்காலியிலிருந்த தையல்காரம்மா சேர்ந்துகொண்டார். முன்பு தீயணைப்பு வண்டி ஓட்டியவர் நாற்காலிக் கைப்பிடியில் பட் பட்டென்று தட்டினார். "கொட்டாவி விட்டு நட தம்பி" வந்தபோது எட்டுப் பேரும் பாடினார்கள். அதில் மூன்று பேர் பேசியே நான் கேட்டதில்லை. மூன்றாவது தும்பிக்குக் குரல்கள் எட்டுத் திசைக்கும் போயின. இன்ஜினியர் மட்டும் சரியான இடத்தில் போய் நின்றார். ஒரே கைத்தட்டல். அதற்குப்பிறகு வியாபாரம் ஆரம்பித்தது.

"எனக்குக் கறுப்பு வேணாம். பூப் போட்டது இருக்கா?"

"எனக்குப் பெருசு. வண்டிய மூடுற மாதிரி."

"எனக்கு ரெண்டு," என்றார் இன்ஜினியர்.

நாற்பத்தைந்து வருஷம் கடையில் நின்றவர் வாயில் இல்லை என்ற வார்த்தை வருமா? "இருக்குங்க! எல்லாம் வருதுங்க, அடுத்த வாரம் குடுத்துடலாம்!" என்று சொல்லிவிட்டார் குடைக்காரம்மா. தலைமை நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த வாரம் குடைகள் வந்தே விட்டன. மெக்கானிக் ஊரிலுள்ள லிஃப்ட்களில் எல்லாம் மக்கள் மறந்துவிட்டுப் போய், வருஷக்கணக்காகக் காவலாளி அறைகளில் தூங்கிய குடைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது குடை. இன்ஜினியருக்கு இரண்டு. அன்று பதினொன்றரை மணிக்கு டாக்டர் பார்வையிட வந்தபோது, கூடத்துக்குள் எட்டுப் பேர் விரித்த குடையின் கீழ் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஆறடி. குனிந்து குனிந்து ஒவ்வொரு குடைக்குள்ளும் நுழைந்து நாடி பார்த்தார். தீயணைப்புக்காரர், "நனையாதீங்க சார், உள்ள வாங்க," என்று இடம் கொடுத்தார்.

தையல்காரம்மாவிடம்தான் சிக்கல். ஐம்பது வருஷம் தைத்தவர். எதையும் அரைகுறையாக விட்டால் பிடிக்காது. மூன்றாவது தும்பி முடிந்ததும், "அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதாங்க," என்றார் குடைக்காரம்மா.

"எப்படி அவ்வளவு? மழை பெய்யுது, தம்பி நடக்கறான். வீட்டுக்குப் போய்ச் சேந்தானா இல்லையா?"

"அது... தெரியலீங்க."

"சட்டையில ஒரு கைய மட்டும் தச்சுக் குடுப்பேனா நானு? போயி மிச்சத்தக் கொண்டா!"

அன்றிரவு இல்லை, அன்று மதியமே, பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே அவர்கள் இருவரும் மிச்சத்தை ஆரம்பித்துவிட்டார்கள். தும்பி, தம்பி என்று முடிகிறதே, அதற்கு எதுகை பிடிப்பதில் மெக்கானிக் தன் மேதாவித்தனத்தைக் காட்டினார். கம்பி, நம்பி, வெம்பி, எம்பி, விரும்பி, திரும்பி. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்யும்போது புதிதாக ஒன்று கிடைத்தால் கீழேயிருந்து போன் செய்வாராம். அந்தக் கட்டிடத்தில் ஐந்தாவது மாடிவரை கேட்குமாம். அடுத்த செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா "அப்புறம்?" என்றதும் குடைக்காரம்மா மூச்சு இழுத்துக்கொண்டு பாடினார்.

"பஸ்ஸுல விட்டுட்டுப் போனான் – அது
பாவமா நின்னுது வெம்பி!
அடுத்த வண்டியில ஓடி வந்தான் – அத
அணைச்சுக்கிட்டான் அந்தத் தம்பி!"

"அப்புறம்?"

"காத்துல பறந்தது தும்பி – அட
கழண்டது ரெண்டு கம்பி!
மழைக்கோட்டு ஒண்ணு பாத்து – அதுக்கு
மாலை போட்டுது விரும்பி!"

குடைக்கும் மழைக்கோட்டுக்கும் கல்யாணம் என்றதும் கூடம் கிடுகிடுத்தது. தையல்காரம்மா, "கோட்டு என்ன துணி?" என்று விசாரித்தார். அதன்பின் வாரம் ஒரு சரணம், சில வாரம் மூன்று. வாழ்நாளில் பதினைந்து நொடி தாண்டாத அம்மாள் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பாடினார். ஒரே ஒரு சரணத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. மெக்கானிக் காதுக் குறும்பியைக் கொண்டுவந்து தும்பிக்கு எதுகை வைத்திருந்தார். "வாய் வைக்க மாட்டேன், இதென்ன அசிங்கம்" என்று இவர். "காத்தும் மழையும் அடிச்சா காதுல போகத்தானே செய்யும், எதார்த்தம்!" என்று அவர். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. பாட்டில் அந்தச் சரணம் இருக்கிறது. அதைப் பாடும்போது மட்டும் குடைக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மற்ற விளம்பரங்களும் வெளியே வந்தன. "கொக்கு நீலம் ஒரே சொட்டு, வெளுப்பப் பாத்துக் கண்ணக் கொட்டு!" என்ற பாட்டைக் கேட்ட மறுநிமிடம் தீயணைப்புக்காரரும் இன்ஜினியரும் சேர்ந்து மாடியிலுள்ள படுக்கை விரிப்பை எல்லாம் உருவிக் குளியலறை வாசலில் மலையாகக் குவித்துவிட்டார்கள். துணி துவைக்கும் பிரிவு அன்று என்னோடு பேசவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு நல்லது நடந்தது. தையல்காரம்மாவுக்குக் குளியல் என்றால் ஆகாது. தண்ணீரைப் பார்த்தாலே அடிப்பார், கடிப்பார், கத்துவார். உதவிப் பெண்கள் இருவர் கொக்கு நீலத்தைக் கற்றுக்கொண்டு பாடியபடியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட, கண்ணைக் கொட்டிக் கொட்டிக் காட்டியபடி குளித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து குளியலுக்கு முன்னால் கொடுத்துவந்த மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார்.

நண்டுப் பசைதான் எல்லை மீறியது. "நண்டுப் பசை, நண்டுப் பசை! பிடிச்சா விடாது, விட்டா அது நண்டே கிடையாது!" கேட்டதும் எல்லாரும் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் அப்போதுதான் நடுவில் வந்து நின்றார். இடது கை தையல்காரம்மாவிடம், வலது கை தீயணைப்புக்காரரிடம். இருபது நிமிஷம். கீழே முதல் மாடியிலிருந்து போன் மேல் போன். "விடுங்கம்மா, அவசரமாப் போகணும்," என்று டாக்டர் கெஞ்ச, "விட்டா நண்டே கிடையாதுப்பா," என்று தையல்காரம்மா நியாயம் சொன்னார். நான் அன்றைய பதிவேட்டில், "குழுவினரிடையே தொடுதலும் பிணைப்பும் குறிப்பிடத்தக்க அளவு அதிகரித்தன" என்று எழுதினேன். தலைமை நர்ஸ் அதற்குக் கீழே சிவப்பு மையில், "டாக்டர் வரும் நேரத்தில் பசை பாடக்கூடாது" என்று எழுதினார். அறிவிப்புப் பலகையில் அவரே தன் கையால், "செவ்வாய் 11: குடை" என்று எழுதி வைத்ததும் அந்த வாரம்தான்.

பூகோள டீச்சர் ஒரு நாள்கூட விடாமல் வந்தார். இன்ஜினியர் அவரை மனைவி என்று கடைசிவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் தன் இரண்டு குடையில் ஒன்றை அவரிடம் நீட்டுவார். "நனையாம போங்க," என்பார். "பாத்தியா," என்று டீச்சர் என்னிடம் குசுகுசுப்பார், "ரெண்டு எதுக்குக் கேட்டாருன்னு இப்பத்தான் தெரியுது." குடையை வாங்கிக்கொள்வார், போகும்போது திரும்ப அவர் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போவார்.

ஐந்தாவது மாதம் இன்ஜினியருக்கு நெஞ்சில் சளி கட்டியது. சாப்பாடு இறங்கவில்லை. இனி நாட்கள்தான் என்று டாக்டர் டீச்சரிடம் உட்கார்ந்து பேசினார். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மூச்சு மேலும் கீழுமாக இரைக்க ஆரம்பித்தது. வலிக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் விரல்கள் போர்வையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன. நான் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷத்தில் குடைக்காரம்மா வந்து நின்றார். கண் பரிசோதிக்க மாட்டும் இரும்புச் சட்டம் அவர் கையிலேயே இருந்தது. நாற்காலியில் யாரையோ அப்படியே உட்கார வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"எப்பவும் போல வேகமாவா?"

"மொதல்ல அவரு மூச்சு வேகத்துக்குப் பாடுங்க. அப்புறம் நான் கிடாரக் கொஞ்சம் கொஞ்சமா மெதுவாக்குவேன். நீங்க கூடவே வாங்க."

பாடினார். இரைப்போடு சேர்ந்து ஓடியது பாட்டு. நான் ஒரு மயிரிழை மெதுவாக்கினேன். அவர் தொடர்ந்தார். இன்னும் கொஞ்சம். நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று. "மேல கறுக்குது மேகம்..." ஒவ்வொரு சொல்லும் நீண்டுகொண்டே போனது. இன்ஜினியரின் மூச்சும் பின்னாலேயே வந்தது. குடைக்காரம்மா பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆச்சரியத்தில் கண் விரிந்திருந்தது.

"அடியம்மா, இது தாலாட்டு! நாப்பது வருஷமா நான் இத ஓட்ட ஓட்டமா ஓட்டியிருக்கேன்!"

டீச்சரும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் குரல் சரியில்லை, பரவாயில்லை. "கொட்டட்டும்... கொட்டட்டும்... வானம்... நீ கொட்டாவி விட்டு..."

இன்ஜினியர் கொட்டாவி விட்டார்.

சின்னக் கொட்டாவி இல்லை. வாய் முழுக்கத் திறந்து, தாடை அதிர, நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை முடித்த ஆள் விடும் கொட்டாவி. டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். குடைக்காரம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது, எனக்கும். மூன்று பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம், பாட்டையும் விடவில்லை. அவர் விரல்கள் போர்வையை விட்டிருந்தன. தூங்கிப்போனார். மதியம் ஒன்றே முக்காலுக்கு, டீச்சர் தலைவாரிக் கொண்டிருக்கும்போதே, சத்தமில்லாமல் மூச்சு நின்றது.

"பயப்படாமப் போனாரு," என்றார் டீச்சர். வகிட்டை நேராக எடுத்து முடித்த பிறகுதான் சீப்பைக் கீழே வைத்தார்.

இரண்டு செவ்வாய்க்கிழமை அவரைக் காணவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்குக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். "வீட்டுல ஒரே அமைதி. எனக்கு அது ஒத்துக்கல," என்று என் பையிலிருந்து கிலுகிலுப்பை ஒன்றை எடுத்துக்கொண்டார். தாளத்துக்கு எப்போதும் அரை அடி முன்னாலேயே போவார். சொன்னால் கேட்கமாட்டார். அவர் வந்தபிறகு தும்பி குடை உலகம் சுற்ற ஆரம்பித்தது. பாலைவனம் போய் வேலையில்லாமல் உட்கார்ந்தது, பனிமலையில் ஏறிச் சறுக்கியது, பூமத்திய ரேகையில் துணி காயப்போட்டது. சரணங்கள் நாற்பத்தொன்றாகிவிட்டன. பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாட, அத்தனையும் முடிய ஐம்பது நிமிஷம் ஆகும். இளைஞியாக இருந்த காலத்தில் பாடியதெல்லாம் சேர்த்த கணக்கை ஒரே செவ்வாய்க்கிழமையில் பாடிவிடுவதாகக் குடைக்காரம்மா பெருமையடித்துக்கொள்வார். இதைக் கேள்விப்பட்ட அவர் மகள் முழுவதையும் போனில் பதிவு செய்ய வந்தார்; இருபத்தாறாவது சரணத்தில் போன் நிரம்பிவிட்டது.

போன வாரம் குடைக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது. ஆனாலும் பதினோரு மணிக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மெக்கானிக் நடுவில் போய் நின்றார். விரல் உயர்த்திக் காட்ட ஆளில்லை என்று தனக்குத்தானே காட்டிக்கொண்டு ஆரம்பித்தார். லிஃப்ட் நடு மாடியில் நின்றுபோனால் வரும் சத்தம் மாதிரி ஒரு குரல். மூன்றாவது தும்பி மேலே போகவேண்டிய இடத்தில் கீழே, ஏதோ குழிக்குள் போய் விழுந்தது. தீயணைப்புக்காரர் எழுந்து ஜன்னல் வழியே எங்கே விபத்து என்று பார்த்தார். குடைக்காரம்மா சத்தமே வராமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மனிதர் அசரவில்லை, குறும்பி சரணம் உட்படப் பன்னிரண்டு சரணம் பாடி முடித்துக் கைத்தட்டலுக்காக நின்றார்.

"இந்த ஆள யாரு உள்ள விட்டது?" என்றார் தையல்காரம்மா.

மெக்கானிக்கின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் தையல்காரம்மா விடவில்லை. "இங்க வா," என்று விரலை மடக்கிக் கூப்பிட்டார். போனார். அவர் சட்டைத் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், சாணளவு வைத்து முதுகை அளந்தார், கை நீளத்தை முழங்கைவரை அளந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இத யாரு தச்சா? தோள்பட்டை ரெண்டு விரல் கீழ தொங்குது. இப்படித் தொங்கினா எப்படிப் பாட்டு வரும்? நாளைக்கு வந்து அளவு குடுத்துட்டுப் போ."

மறுநாள் புதன்கிழமை. எங்களுக்கு நிகழ்ச்சி எதுவும் கிடையாது. காலை பத்து மணிக்கு மெக்கானிக் படியேறி வந்தார், தலையை எண்ணெய் போட்டுப் படிய வாரிக்கொண்டு. தையல்காரம்மாவுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அதனாலென்ன, அளவு எடுத்துக்கொண்டார்.